சிவப்பு மை

தமிழ்ச் சங்க மலருக்கு எளிமையைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று சங்கச் செயலாளர் கேட்டார். சரி என்று உட்கார்ந்தால் நாலு பக்கம் வந்துவிட்டது. திரும்ப வாசித்தபோது பத்தாம் வகுப்புத் தமிழ் வாத்தியாரும் அவருடைய சிவப்பு மையும்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

அன்றைக்குக் கட்டுரைத் தலைப்பு 'வாழ்க்கை'. 'வாழ்க்கை எனும் பெருங்கடலில் மனிதன் ஒரு சிறு துரும்பு' என்று ஆரம்பித்தவன் தோணி, புயல், கலங்கரை விளக்கம் என்று ஒன்றையும் விடவில்லை, இதற்கு முழு மதிப்பெண் நிச்சயம் என்ற நினைப்பு வேறு. நோட்டு திரும்பி வந்தபோது மூன்று பக்கத்துக்கும் குறுக்கே கோடு. பக்கம் நிரப்ப நான் கடைசியில் எழுதிய ஒரே ஒரு வாக்கியம்தான் தப்பியிருந்தது: 'தாத்தா போன மூன்றாம் நாள்தான் சுவர்க் கடிகாரம் நின்றிருப்பதைப் பார்த்தோம், அதற்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தது அவர்தான்.' ஓரத்தில், 'நீ கடலில் போயிருக்கிறாயா?'

கோபத்தோடு போய் நின்றேன். அவர் சொல்வன்மை அதிகாரத்தைப் பிரித்து 649ஆம் குறளைக் காட்டினார்: 'பலசொல்லக் காமுறுவர் மன்றமா சற்ற சிலசொல்லல் தேற்றா தவர்.' குற்றமில்லாமல் நாலு வார்த்தை பேசத் தெரியாதவன்தான் நிறையப் பேச ஆசைப்படுவான். "1330 குறளிலும் அவருக்கு ஏழு சீர் போதுமாக இருந்திருக்கிறது, உனக்கு மூன்று பக்கம் பத்தவில்லையா?" என்றார். பதில் இல்லை.

அதற்காகச் சுருக்கம் எல்லாம் எளிமை ஆகிவிடாது. தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் வந்து விழும் பொன்மொழிகளும் சுருக்கம்தான், ஆனால் அவற்றில் எதுவும் யாருக்கும் நடந்ததாகத் தெரியவில்லை. கணியன் பூங்குன்றனாரின் 'யாதும் ஊரே' வரியை வெளிநாட்டில் நம் மேடை ஒவ்வொன்றிலும் சொல்கிறோம் (நானும் சொல்லியிருக்கிறேன்). அதே பாட்டில் மூன்று வரி தள்ளி 'சாதலும் புதுவது அன்றே' என்று வருகிறது. ஆறுதல் இல்லை, அலங்காரம் இல்லை, சாவு புதிதல்ல, அவ்வளவுதான். எனக்கு இந்த வரிதான் பெரிது.

போன வருடம் கூடப் படித்த ஒருவனின் அப்பா இறந்துபோனார். ஆழ்ந்த இரங்கல், ஈடு செய்ய முடியாத இழப்பு என்று எட்டு வரி தட்டிவிட்டு, அப்புறம் எல்லாவற்றையும் அழித்தேன். 'உன் வீட்டுக்கு எப்போது வந்தாலும் அவர்தான் கதவைத் திறப்பார்' என்று மட்டும் அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவனே கூப்பிட்டான். கதவில் ஆரம்பித்து ஒரு மணி நேரம் அப்பாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான்.