வலக்கை மணிக்கட்டு: கிளினிக் நாட்கள்

06.01.2025
கார்த்திகை மழையில் கிணற்றடியில் வழுக்கி, வலக்கையை ஊன்றி விழுந்தபோது முறிந்த, முன்கையின் பெருவிரல் பக்க எலும்பான ஆரைக்குப் போட்ட பிளாஸ்டரை, ஆறு வாரத்துக்குப் பிறகு இன்று வெட்டி எடுத்தார்கள். 1814இல் இம்முறிவை விவரித்த அயர்லாந்து வைத்தியர் கொலிஸின் பெயரால் இதை அழைக்கிறார்கள். சேலைக் கொசுவத்தைப் பிடிக்க விரல்கள் கூடவில்லை.

20.01.2025
வெளிநோயாளர் பிரிவில் இயன்மருத்துவர் மணிக்கட்டு மடங்கும், நிமிரும் அளவுகளைக் கோணமானியால் அளந்து, பிடிவலிமையையும் குறித்தபின், 15 கேள்விகள் கொண்ட தாளொன்றை எடுத்தார். ஐந்து கேள்விகள் வலியைப் பற்றியவை. பத்து, கையால் செய்யும் வேலைகளைப் பற்றியவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை நானே புள்ளி சொல்லவேண்டும். வேலைப் பகுதியின் கூட்டுத்தொகையைப் பாதியாக்கி வலியின் கூட்டுத்தொகையோடு சேர்த்தால் 100க்கு எத்தனை என்று வரும், அது குறையக் குறையக் கை தேறுகிறது என்று பொருள். பொத்தான் பூட்டுவது, கதிரையில் கையூன்றி எழும்புவது எல்லாம் சொன்னேன். கத்தியால் இறைச்சி வெட்டுவதைக் கேட்டபோது, நாங்கள் சைவம் என்றேன்.

"அப்ப வாழைக்காய் வெட்டுறதை நினைச்சுச் சொல்லுங்கோ அம்மா."

கேள்வி என் குசினிக்குள் வந்த பிறகே என்னால் சரியான புள்ளி சொல்ல முடிந்தது. மொத்தம் 71.

11.02.2025, தைப்பூசம்
ஐயர் தந்த திருநீறு, முழுதாக மேலே திரும்பாத உள்ளங்கையிலிருந்து சின்னிவிரல் பக்கமாக வழிந்து சேலையில் கொட்டியது. தோளைச் சரித்து மறுபடி ஏந்தினேன். வலியைவிட இது என்னை வருத்தியது.

17.02.2025
மடக்கமும் நிமிர்வும் இடக்கையின் அளவை நெருங்கிவிட்டன. என் புள்ளி 38. திருநீறு ஏந்துவது அந்தத் தாளில் இல்லை, ஆனாலும் சொன்னேன். இயன்மருத்துவப் பிள்ளை அதை ஓரத்தில் எழுதிக்கொண்டு, முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, அகப்பைக் காம்பைப் பிடித்தபடி முன்கையை இருபுறமும் மெதுவாகத் திருப்பும் பயிற்சியைத் தந்தார். மடக்கத்தையும் நிமிர்வையும் மட்டும் பார்த்திருந்தால் என்னைக் குணமானவள் என்றே எழுதியிருப்பார்கள். கையை உடையவரிடம் கேட்பதும் அளவெடுப்பதில் ஒரு பகுதிதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

10.03.2025
இன்று என் புள்ளி 24. திருநீறு சிந்தவில்லை. மாலையில் மாவை வழமையைவிட இளக்கமாகக் குழைத்து இடியப்பம் பிழிந்தேன். ஆறாவது தட்டில் சின்னிவிரல் பக்க மணிக்கட்டில் வலி தொடங்க, இடியப்ப உரலை மகள் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அடுத்த கிளினிக்கில் இதையும் ஓரத்தில் எழுதச் சொல்லவேண்டும்.