உதவி செய்யாமல் நிற்பது

"ஏம்மா, நீ உதவி செய்ய வந்தியா, இல்ல வேடிக்கை பார்க்க வந்தியா?"

ஸ்ட்ரோக் வார்டில் வயதான ஓர் அம்மா என்னிடம் இப்படிக் கேட்டார். குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல்தான் கேட்டார். "இன்னும் கொஞ்சம் பாருங்கம்மா, உங்களால முடியும்" என்றேன். அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும்.

நோய் வந்த முதல் நாட்களுக்கான அக்யூட் வார்டில், உடுத்துவது, குளிப்பது போன்ற அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நோயாளியைச் சட்டை போடச் சொல்லிவிட்டு, பக்கத்திலேயே நின்று, கையை நீட்டாமல் பார்ப்பது எங்கள் வேலையில் பெரும்பகுதி. எங்கே தடுமாறுகிறார்? தடுமாறுவது அவருக்கே தெரிகிறதா? வாயால் சொன்னால் போதுமா, சைகை காட்ட வேண்டுமா, தொட்டு உணர்த்த வேண்டுமா, கையைப் பிடித்துச் செய்ய வைக்க வேண்டுமா? உதவி இந்த வரிசையில்தான் போகும். எடுத்த எடுப்பிலேயே சட்டையை இழுத்து மாட்டிவிட்டால், அவருக்கு எவ்வளவு உதவி தேவை என்பது கடைசிவரை தெரியாது.

அந்த அம்மாவுக்கு மூளையின் வலது பக்கத்தில் ஸ்ட்ரோக். இடது கை பலவீனமாக இருந்தது, ஆனால் ஒரேயடியாகப் போய்விடவில்லை. விரல்களை மடக்குவார், தோளைக் கொஞ்சம் தூக்குவார். பிரச்சினை கையைவிடக் கவனத்தில்தான் அதிகம். கண் நன்றாகத் தெரிந்தும், இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்கு விட்டுப்போகும். கட்டில் ஓரத்தில், பாதம் தரையில் பதியும்படி உட்கார வைத்து, ரத்த அழுத்தம் இறங்கவில்லை என்று பார்த்துக்கொண்டு, முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டையை மடியில் விரித்துக் கொடுத்தேன். பலவீனமான கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும் என்று முந்தைய நாளே சொல்லிக் கொடுத்திருந்தேன்.

அவர் வலது கையைத்தான் முதலில் விட்டார். சட்டையைத் தோளைச் சுற்றி இழுத்தார். இடது சட்டைக்கை முதுகுக்குப் பின்னால் தொங்கியது. வலது கையாலேயே தடவித் தடவி, அகப்பட்ட துளைகளில் பொத்தான்களை மாட்டினார். "ம், ஆச்சு" என்றார்.

"இன்னொரு கை எங்கம்மா?"

வலது கையைத் தூக்கிக் காட்டினார்.

அப்புறம் துணி ஒரு பக்கமாக இழுப்பது உறுத்தியிருக்க வேண்டும். குனிந்து பார்த்தார். வலது கை நெஞ்சைத் தாண்டி இடது பக்கம் போய்த் துழாவியது. முன்கையில் துணி இல்லை என்பதைக் கண்டுகொண்டது. மாட்டிய பொத்தான்களை யாரும் சொல்லாமலே கழற்றினார். பின்னால் தொங்கிய சட்டைக்கையை எட்டிப் பிடிக்கப் பார்த்தார், அகப்படவில்லை. மறுபடியும் முயன்றார். உடம்பு சாயத் தொடங்கியதும் என் கை அவர் முதுகுக்குப் பின்னால் போய், தொடாமல் நின்றது. அப்போதுதான் திரும்பி என் முகத்தைப் பார்த்து அதைக் கேட்டார்.

நான் நின்றிருந்தது அவருடைய இடது பக்கம். அந்தப் பக்கம் திரும்ப வைக்கத்தான் நாங்கள் அங்கே நிற்போம். அதுவரை நான் எவ்வளவு கூப்பிட்டும் பாதியில் நின்றுவிடும் தலை, இந்தக் கேள்விக்காக முழுசாகத் திரும்பியது.

என் தரப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். சட்டையை மாட்டிவிட இரண்டு நிமிடம் போதும். நர்ஸ்கள் தினமும் செய்வதுதான், அத்தனை கட்டில்களுக்கு நடுவே அவர்களுக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் மருத்துவமனையில் நாம் செய்து கொடுக்கும் ஒவ்வொன்றும் நோயாளியின் கையை விட்டுப் போகத் தொடங்குகிறது. 2003-இல் வெளியான ஓர் ஆய்வு, 70 வயதும் அதற்கு மேலும் ஆன உள்நோயாளிகளைப் பார்த்தது. நோய்க்கு முன் குளிப்பது, உடுத்துவது போன்ற வேலைகளில் இருந்த திறனைவிடக் குறைந்த திறனோடு டிஸ்சார்ஜ் ஆனவர்கள் சுமார் 35 சதவீதம். அதோடு, இந்த அம்மா தனியாக இருப்பவர். வார்டில் நான் பார்க்காமல் விட்டது வீட்டுக் குளியலறையில்தான் தெரியவரும், அதுவும் விழுந்த பிறகு. அந்த நிமிடங்களில் நான் சும்மா நிற்கவில்லை. இதை இப்போதும் நம்புகிறேன்.

ஆனால் நான் பார்த்ததெல்லாம் யாருக்காக? அன்றாட வேலைகளை ஒருவர் எவ்வளவு தூரம் தானாகச் செய்கிறார் என்று மதிப்பெண் போடும் பார்தெல் அட்டவணை 1965-இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. உடுத்துவதற்கு அதில் மூன்றே மதிப்பெண்கள்: தானாகச் செய்தால் 10, உதவியோடு பாதியாவது செய்தால் 5, இல்லாவிட்டால் 0. அந்த அம்மாவுக்கு 5. "ஆச்சு" என்று சொன்னபோதே நிறுத்தியிருந்தாலும் 5 தான். பொத்தானைக் கழற்றி, சட்டைக்கையைத் தேடி, என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்ட பிறகும் அதே 5. இரண்டுக்கும் நடுவே நடந்த எதற்கும் அட்டவணையில் இடம் கிடையாது.

நடுவே நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. தன் கை செயலிழந்திருப்பதே தெரியாமல் இருக்கும் நோயாளிகளைப் பற்றி நரம்பியல் மருத்துவர் பாபின்ஸ்கி 1914-இலேயே எழுதினார். அந்த நிலைக்கு அனோசாக்னோசியா என்று பெயர் வைத்தவரும் அவர்தான். அதில் இருப்பவர் உதவி கேட்கமாட்டார், குறை இருப்பது தெரிந்தால்தானே கேட்க! ஆகவே இந்தக் கேள்வி அந்தக் காலையின் ஆகப்பெரிய நல்ல செய்தி என்று நினைத்தேன். "சட்டைக்கை விடுபட்டதைத் தானே கண்டுகொண்டார், முடியாதபோது உதவி கேட்கிறார்" என்று கேஸ் ஷீட்டில் எழுதினேன்.

டிஸ்சார்ஜ் பற்றிப் பேசும் கூட்டத்தில் அதை வாசித்தபோது, எல்லோர் காதிலும் "உதவி" மட்டும்தான் விழுந்தது. இல்லை, இது முன்னேற்றம் என்று விளக்கினேன். மருத்துவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க, ஆனா வீட்ல யார்கிட்ட கேப்பாங்க?" என்றார். அதற்கு மேல் என்ன சொல்வது? வீட்டுக்கு இப்போது வேண்டாம், பயிற்சி கொடுத்துத் தேற்றும் ரீஹாப் வார்டுக்குப் போகட்டும் என்பதுதான் என் பரிந்துரையும். அப்படியே நடந்தது. முடிவில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அதனால்தான் இந்தக் கேள்வி இன்னும் ஏன் உறுத்துகிறது என்று புரிவதில்லை.

ஒருவேளை காரணம் இதுவாக இருக்கலாம். ஒரு மனுஷி என்னிடம் குறைபட்டுக்கொண்டதை நான் அறிகுறியாகப் படித்தேன். பாதி உடுத்திய நிலையில், திரைக்குப் பின்னால், தன் பேத்தி வயதுப் பெண் ஒருத்தி கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் வரும் கேள்விதான் அது. மூளையில் எதுவும் ஆகாதவரும் கேட்டிருப்பார். அதைத் "தன்னிலை உணர்தல்" என்று நான் மொழிபெயர்த்துக் குறித்துக்கொண்டேன். என் வாசிப்பு சரிதான். அவருடைய மனக்குறையும் சரிதான். ஒன்றை ஏற்றுக்கொண்டதால் மற்றது தீர்ந்துவிடவில்லை.

உடன் வேலை பார்க்கும் தோழியிடம் சொன்னபோது, முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே என்றாள். சொல்லியிருந்தேன். "முதல்ல நீங்களே போடுங்கம்மா, நான் பக்கத்துல இருக்கேன், தேவைப்பட்டா செய்றேன்" என்றுதான் ஆரம்பித்தேன். யாருக்குத் தேவைப்பட்டால், யார் பார்வையில் தேவைப்பட்டால் என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. தேவை வந்துவிட்டது என்று அவர் முடிவு செய்தார், இன்னும் வரவில்லை என்று நான் முடிவு செய்தேன்.

கேஸ் ஷீட் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது, "என்ன எழுதுற?" என்று கேட்டார். மறைக்க எதுவும் இல்லை, வாசித்துக் காட்டினேன். முடியாதபோது உதவி கேட்கிறார் என்ற இடம் வந்ததும், "கேட்டேன். நீ செஞ்சியா?" என்றார். அதையும் எழுதிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அந்த மாதிரி வாக்கியத்துக்கு எங்கள் படிவங்களில் கட்டம் இல்லை.

எங்கள் வேலைக்குப் பலன் உண்டு என்று சொல்ல 2009-இல் வெளியான ஐசியூ ஆய்வை அடிக்கடி எடுத்துக்காட்டுவோம். வென்டிலேட்டரில் இருந்த 104 பேர். மயக்க மருந்தை நிறுத்தும் நேரத்திலேயே பிசியோவும் ஆக்குபேஷனல் தெரபியும் தொடங்கப்பட்டவர்களில் 59 சதவீதம் பேர், டிஸ்சார்ஜ் ஆகும்போது அன்றாட வேலைகளைத் தாங்களே செய்யும் நிலைக்குத் திரும்பியிருந்தார்கள். வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் அது 35 சதவீதம். அந்த அம்மாவின் கேள்விக்கு இதைப் பதிலாக நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே தெரபிஸ்டுகள் கைகொடுத்துச் செய்ய வைத்தார்கள், தினமும் செய்ய வைத்தார்கள். எங்கள் வார்டில் நோயாளி வந்த மறுநாளே கட்டில் எப்போது காலியாகும் என்ற பேச்சு வந்துவிடுகிறது. மதிப்பிட நேரம் கிடைக்கிறது, சிகிச்சை பெரும்பாலும் அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறது. அவருக்கு அப்புறம் என்ன ஆனது என்பதும் எங்கள் காதுக்கு வராது.

திரும்பத் திரும்ப யோசித்ததில் ஒன்று மட்டும் கொஞ்சம் தெளிந்திருக்கிறது. கேள்விக்கு முன்னால் காத்திருந்ததில் எனக்குச் சந்தேகம் இல்லை. அப்போது கை நீட்டியிருந்தால் அவர் கை இடது பக்கம் போயே இருக்காது. கேள்விக்கு அப்புறமும் காத்திருந்தேனே, அதுதான். கேட்ட உடனே செய்திருந்தால், கேட்டால் கிடைக்கும் என்பதாவது அவருக்குத் தெரிந்திருக்கும். தனியாக இருப்பவருக்கு அது சின்ன விஷயமா?

ஆனால் "இன்னும் கொஞ்சம் பாருங்கம்மா" என்ற பிறகு அவர் செய்தது வேறு மாதிரி இருந்தது. முன்போல் முதுகுக்குப் பின்னால் எட்டவில்லை. காலரைப் பிடித்து, சட்டையை மொத்தமாக வலது பக்கம் இழுத்து, தொங்கிய சட்டைக்கையை மடிக்குக் கொண்டுவரப் பார்த்தார். பாதி தூரம் வந்தது. அதற்கு மேல் களைத்துவிட்டார். நான் வலது கையைக் கழற்றிவிட்டு, இடது கையிலிருந்து மறுபடி தொடங்கிக் கொடுத்தேன். முழங்கைக்கு மேல் அவரே இழுத்துக்கொண்டார். யாரும் சொல்லிக் கொடுக்காத அந்தக் காலர் வழியை ரீஹாபுக்கு அனுப்பிய குறிப்பில் தனியாக எழுதினேன், பயிற்சியை அதிலிருந்து தொடங்கிப் பார்க்கச் சொல்லி.