“பேஷண்டைக் கூட்டிட்டு வாங்க”

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பதினாறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். இடது பக்கம் விழுந்துவிட்டது. மூத்திரக் குழாயோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசியில் “பிசியோதெரபி தொடரவும், கதீட்டர் மாற்றவும்” என்று ஒரு வரி. யார் செய்வார்கள், எங்கே போக வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

சீட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து டவுன் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

“பேஷண்டைக் கூட்டிட்டு வாங்க.”

“சார், அவரால எழுந்து உட்காரவே முடியாது.”

“படுக்க வச்சுக் கூட்டிட்டு வாங்க.”

அவ்வளவுதான் பேச்சு. அடுத்த இரண்டு மாதம் தெரிந்த நர்ஸ் ஒருவருக்குக் காசு கொடுத்துக் குழாயை மாற்றினோம். உடற்பயிற்சிக்கு வழியே இல்லை. அப்பாவின் இடது கை விரல்கள் மடங்கி இறுக ஆரம்பித்தன.

வழி கிடைத்தது எதிர்வீட்டுத் திண்ணையில். அங்கிருக்கும் பாட்டிக்கு ஓர் அக்கா பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தார். மகளிர் குழுவிலிருந்து வந்த, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற தமிழக அரசுத் திட்டத்தின் தன்னார்வலர். மாதாமாதம் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போயிருக்கிறார். “கணக்கெடுக்க வந்தப்ப உங்க வீடு பூட்டியிருந்துச்சும்மா” என்றார். பூட்டித்தான் இருந்தது. நாங்கள் எல்லோரும் ஆஸ்பத்திரியில் கிடந்தோம்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் இது. டிவியில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கு வரும் என்பதோடு என் ஞானம் நின்றுவிட்டது. வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும், படுத்த படுக்கையாக இருப்பவர்களை நர்ஸ் வந்து பார்ப்பதும் இதே திட்டத்தில்தான். ஆஸ்பத்திரி கவுண்டரில் நிற்காதீர்கள். உங்கள் தெருவுக்கு வரும் தன்னார்வலரையோ, துணை சுகாதார நிலைய நர்ஸம்மாவையோ பிடியுங்கள். பெயர் அங்கிருந்துதான் வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறது. டிஸ்சார்ஜ் சீட்டின் ஜெராக்ஸை கையோடு கொடுத்துவிடுங்கள். நான் கொடுக்காமல் விட்டதில் இன்னும் ஒரு வாரம் போயிற்று.

ஒருநாள் காலையில் வண்டி வந்தது. ஒரு நர்ஸ், ஒரு பிசியோதெரபிஸ்ட். நர்ஸ் உள்ளே நுழைந்ததும் முதலில் பார்த்தது அப்பாவை இல்லை, மூத்திரப் பையை. கண்ணில் படட்டும் என்று அதைக் கட்டிலுக்கு மேலே ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்தேன். “எப்பவும் இடுப்புக்குக் கீழதான் தொங்கணும். இப்படி மாட்டினா எல்லாம் திரும்ப உள்ளே போகும், காய்ச்சல் வரும்.” இரண்டு தடவை காய்ச்சல் வந்தும்தான் இருந்தது. அடுத்து, படுக்கைப் புண் வராமல் இருக்கக் காற்றடைத்துப் போடும் ஏர் பெட். அப்பாவுக்கு உறுத்தக் கூடாதே என்று அதன்மேல் இலவம்பஞ்சு மெத்தையைப் போட்டிருந்தோம். “இதுக்கு ஏர் பெட் எதுக்கும்மா?” என்று மெத்தையை உருவச் சொன்னார். முதுகில் ஒரு ரூபாய் அளவுக்குப் புண். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கச் சொன்னார்.

பிசியோதெரபிஸ்ட் சின்னப் பையன். பழைய காட்டன் புடவை ஒன்று கேட்டு, முறுக்கிக் கட்டில் காலில் கட்டி, மறுமுனையை அப்பாவின் வலது கையில் கொடுத்தான். “இழுங்க ஐயா.” மூன்றாவது இழுப்பில் அப்பா பாதி எழுந்தார். அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். தினமும் வருவார்கள் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். வட்டாரம் முழுக்க அந்த வண்டிதான் சுற்றுகிறது. எங்களுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை முறை வந்தது. நடுவில் நாம்தான் செய்ய வேண்டும். அவன் செய்துகாட்டியதைச் செல்போனில் வீடியோ எடுத்து வைத்தது நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம்.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் கதை தனி. நாலாம் மாதம் வேன் பிடித்து 1,800 ரூபாய் கொடுத்து முகாமுக்குப் போனோம். டாக்டர் இருந்தது மாடியில். பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து நாலு பேர் தூக்கினோம். டாக்டர் சீட்டின் தேதியைப் பார்த்தார். “ஸ்ட்ரோக் வந்து ஆறு மாசம் ஆகட்டும், அப்புறம் வாங்க.” அப்பாவைத் தொடக்கூட இல்லை. அவர் சொன்னது விதிப்படி சரிதான். நரம்புப் பாதிப்பில் தேறுவது தேறிய பிறகுதான் பாதிப்பு எத்தனை சதவீதம் என்று போடுவார்கள். ஆனால் தேதி விசாரிக்கப் போன் செய்தபோது இதை ஒருவர் சொல்லியிருந்தால் அப்பா அந்தப் படிக்கட்டில் பயந்து கண்ணை மூடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஏழாம் மாதம் மறுபடி போனோம். இந்தத் தடவை நான் மட்டும் மாடியேறி, “வேன்லயே இருக்காரு சார், நீங்க ஒரு நிமிஷம் வரணும்” என்று கேட்டு, நகராமல் நின்றேன். முனகிக்கொண்டே இறங்கி வந்தார். வேனிலேயே கையை, காலை மடக்கிப் பார்த்தார். 80 சதவீதம்.

75 சதவீதத்துக்கு மேல் என்பதால் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு மனு போட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. நாளை மறுநாள் வண்டி வரும் முறை. அப்பா புடவையைத் துவைத்துப் போடச் சொல்லியிருக்கிறார்.