150 டாலர் ஜாம்

போன ஞாயிற்றுக்கிழமை ‘சாய்லன்ட் கிரீன்’ படத்தை மூன்றாவது முறையாகப் பார்த்தேன், இந்தத் தடவை அப்பாவோடு. ரிச்சர்ட் ஃபிளைஷர் 1973-இல் எடுத்த படம். கதை நடப்பது 2022 நியூயார்க்கில். ஊரில் நாலு கோடிப் பேர். மாடிப்படி முழுக்க ஆட்கள் படுத்துக்கிடக்கிறார்கள், ஹீரோ அவர்களைத் தாண்டித் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். (நிஜ நியூயார்க்கில் 2020 கணக்கெடுப்புப்படி 88 லட்சம்தான். அது கிடக்கட்டும்.)

படத்தின் கடைசி ரகசியம் படம் பார்க்காதவர்களுக்கே தெரியும், அதை விடுங்கள். என்னைப் பிடித்து உலுக்குவது ஒரு ஸ்பூன். போலீஸ்காரன் தார்ன், விசாரிக்கப் போன வீட்டிலிருந்து ஏதோ ஒட்டிக்கொண்டிருந்த ஸ்பூன் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வருகிறான். அவனோடு அறையில் இருக்கும் கிழவர் சால் அதைச் சுவைத்துப் பார்த்து, ஸ்ட்ராபெரி ஜாம், பாட்டில் 150 டாலர் என்கிறார். தார்னுக்கு அந்த ருசியே தெரியாது.

இன்னொரு காட்சி. கொலையான பணக்காரன் வீட்டிலிருந்து அள்ளி வந்த மாட்டிறைச்சியைப் பார்த்ததும் சால் அழுதுவிடுகிறார். அப்புறம் அவரே சமைக்கிறார். லெட்டூஸ் இலை, ஸ்டியூ, ஆப்பிள். பேச்சு கம்மி, முகங்கள்தான். இப்படிச் சாப்பிட்டு எத்தனை வருஷம் ஆச்சு என்கிறார் கிழவர். நான் இப்படிச் சாப்பிட்டதே இல்லை என்கிறான் தார்ன்.

1936-இல் வந்த ‘திங்ஸ் டு கம்’ படத்திலும் ஓர் எதிர்காலம் உண்டு. 2036, பளபளவென்று வெள்ளை நகரம், நோய்நொடி இல்லை, சந்திரனைச் சுற்றிவர ஆளை அனுப்புகிறார்கள். அங்கே யாராவது எதையாவது ரசித்துச் சாப்பிட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை. பொன்னுலகம்தான், ஆனால் குடிபோகத் தோன்றியதில்லை.

சாப்பாட்டுக் காட்சி முடிகிற நேரம் கேன் தண்ணீர் வந்தது. படத்தை நிறுத்திவிட்டு, கேனை வாங்கிக் கவிழ்த்தேன்.

“நாங்கள்லாம் வாய்க்கால்ல கையால அள்ளிக் குடிச்சோம்டா” என்றார் அப்பா.

“டைபாய்டு வந்திருக்குமேப்பா.”

அவர் பதில் சொல்லவில்லை. ரிமோட்டை எடுத்து அவரே படத்தை ஓடவிட்டார்.

சால் சாக முடிவெடுத்து, அதற்கென்றே அரசாங்கம் வைத்திருக்கும் இடத்துக்குப் போகிறார். படுக்க வைத்து, எதிரே பெரிய திரையில் மான், பூ, ஓடை எல்லாம் காட்டுகிறார்கள். பீத்தோவனின் ஆறாவது சிம்ஃபனி ஒலிக்கிறது. சாலாக நடித்த எட்வர்ட் ஜி. ராபின்சனுக்கு அப்போது புற்றுநோய். படம் வெளிவருவதற்குள், 1973 ஜனவரியில், இறந்துபோனார். அது தெரிந்த பிறகு அந்த முகத்தை நேராகப் பார்ப்பது கஷ்டம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அத்தனையையும் பார்க்கும் தார்ன் அழுகிறான்.

“அந்தக் கிழவன் அழுதா சரி” என்றார் அப்பா. “இவன்தான் இதையெல்லாம் பார்த்ததே இல்லையே. இவன் ஏன் அழறான்?”

எனக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை.