எந்த உணவு ஒத்துக்கொள்ளவில்லை? கண்டுபிடிக்க வேண்டிய வரிசை

சாப்பிட்டதும் வயிறு உப்புகிறது, ஒரு வாரம் மலச்சிக்கல், மறு வாரம் வயிற்றுப்போக்கு. இப்படி அவதிப்படுகிறவர்கள் பலர் முதலில் போய்க் கொடுப்பது ரத்தத்தைத்தான். நூற்றுக்கும் மேற்பட்ட உணவுகளின் பெயரோடு சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஓர் அட்டவணை கைக்கு வரும். சிவப்பு என்றால் ஒத்துக்கொள்ளாதது என்று அர்த்தமாம். அதில் இருப்பதையெல்லாம் அன்றே நிறுத்திவிடத் தோன்றும். நிறுத்தாதீர்கள்.

அந்த அட்டவணை பெரும்பாலும் ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தை அளந்து தயாரித்தது. ஓர் உணவு உடலுக்குப் பழகிவிட்டதாலேயே ஐஜிஜி, குறிப்பாக அதில் ஒரு வகையான ஐஜிஜி4, கூடலாம். தினமும் சாப்பிடும் பாலும் கோதுமையும் முட்டையும் சிவப்பில் நிற்பது அதனால்தான். ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவ அமைப்பு 2008-லும் கனடாவின் அமைப்பு 2012-லும், உணவு ஒவ்வாமையைக் கண்டறிய இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டன. அட்டவணைப்படி நிறுத்திக் குணமானவர்கள் பொய் சொல்லவில்லை. பாலோடு அதிலுள்ள சர்க்கரையான லாக்டோஸும், கோதுமையோடு ஃப்ரக்டான் என்ற மாவுச்சத்து வகையும் போய்விடுகின்றன. வாயுத் தொல்லை உள்ள பலருக்கு அதுவே இதமாகத்தான் இருக்கும். தலைமுடியை அனுப்பச் சொல்லும் சோதனைகளைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

உடனடி ஒவ்வாமைக்குக் காரணமான எதிர்ப்புப் புரதத்தை அளக்கும் ஐஜிஈ சோதனை வேறு ரகம். சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதட்டு வீக்கம், மூச்சுத் திணறல் வருகிறவர்களுக்கானது அது. அப்படி ஒரு முறை வந்திருந்தாலும், கீழே சொல்லும் எதையும் அந்த உணவை வைத்து வீட்டில் செய்துபார்க்கக் கூடாது. ஒவ்வாமை மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

மற்றவர்களும் எதையும் நிறுத்துவதற்கு முன் சீலியாக் நோய், அதாவது கோதுமையிலுள்ள க்ளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் சேதமாகும் நோய், இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். அதற்கான ரத்தப் பரிசோதனை டிடிஜி ஐஜிஏ. ஐஜிஏ என்பதும் ஒரு எதிர்ப்புப் புரதம். அந்தச் சோதனையோடு மொத்த ஐஜிஏ அளவையும் சேர்த்துக் கேளுங்கள். பிறவியிலேயே ஐஜிஏ குறைவாக உள்ளவருக்கு முதல் சோதனை மட்டும் எடுத்தால், நோய் இருந்தும் இல்லை என்றே வரும். கோதுமையை ஏற்கெனவே விட்டவருக்கும் இதே கதிதான். மறுபடி தினமும் இரண்டு துண்டு ரொட்டி அளவுக்குச் சில வாரங்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் ரத்தம் கொடுக்க வேண்டியிருக்கும். கோதுமையை நிறுத்தி நிம்மதி கண்டவர் அதற்கு லேசில் சம்மதிக்க மாட்டார். வரிசை மாறினால் வரும் வினை இது. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், ரத்தசோகை, தூக்கத்தைக் கலைத்து எழுப்பும் வயிற்றுப்போக்கு இவற்றில் எது இருந்தாலும் உணவு ஆராய்ச்சியை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

லாக்டோஸுக்கு மூச்சுப் பரிசோதனை உண்டு. இரவு முழுக்கப் பட்டினி, காலையில் 25 கிராம் லாக்டோஸ் கரைத்த நீர், பிறகு மூன்று மணி நேரம் வரை 15 அல்லது 30 நிமிடத்துக்கு ஒரு முறை குழாயில் ஊத வேண்டும். மூச்சில் ஹைட்ரஜன் ஆரம்ப அளவைவிட 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) ஏறினால் லாக்டோஸ் சரியாகச் செரிக்கவில்லை என்று பொருள். முந்தைய நாள் பருப்பும் கோதுமையும் சாப்பிட்டிருந்தால் ஆரம்ப அளவே உயர்ந்து நின்று சோதனை வீணாகும். நான்கு வாரங்களுக்குள் ஆன்டிபயாடிக் எடுத்திருந்தாலும் நம்ப முடியாது. சிலர் குடலில் ஹைட்ரஜனுக்குப் பதில் மீத்தேன் உருவாகும். அதையும் அளக்கும் கருவியா என்று முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. எண்ணைவிட, அந்த மூன்று மணி நேரத்தில் வயிறு என்ன செய்தது என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். அளவு ஏறியும் தொந்தரவே இல்லையென்றால் பாலைப் பழி சொல்ல முடியாது.

மிச்சத்துக்கெல்லாம் நிறுத்திச் சேர்த்துப் பார்ப்பதே சோதனை. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபோட்மேப் முறைதான் இதில் அதிகம் பயன்படுகிறது. சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும் சர்க்கரைகளை 2 முதல் 6 வாரம் குறைக்க வேண்டும்: வெங்காயம், பூண்டு, கோதுமை, பால், தேன், பயறு வகைகள், காளான், சர்க்கரை இல்லாத சூயிங்கம். உணவியல் நிபுணர் ஒருவர் கூட இருந்தால் பாதி குழப்பம் குறையும். ஆறு வாரத்திலும் மாற்றமே இல்லையென்றால் கோளாறு இங்கே இல்லை. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிவிட்டு வேறு காரணம் தேடுங்கள்.

குணம் தெரிந்தவர்கள் பலர் அத்தோடு நின்றுவிடுகிறார்கள். மறுபடி சேர்க்கப் பயம். ஆனால் சேர்த்துப் பார்க்காதவரை எது குற்றவாளி என்று தெரியவே தெரியாது. வீணாகப் பத்து உணவைத் துறந்து, கால்சியமும் நார்ச்சத்தும் குறைந்து, குடலின் நல்ல பாக்டீரியாவையும் பட்டினி போட்டதுதான் மிச்சம்.

சேர்த்துப் பார்க்கும் முறை இது: ஒரு சர்க்கரை வகைக்கு ஓர் உணவு, மூன்று நாள், ஏறும் அளவு. லாக்டோஸுக்குப் பால்: முதல் நாள் 60 மில்லி, அடுத்த நாள் 125, மூன்றாம் நாள் 250. கடைசி அளவில் ஏறத்தாழ 12 கிராம் லாக்டோஸ் இருக்கும். செரிமானக் குறை உள்ளவர்களில்கூடப் பலர் அதுவரை தாங்குவார்கள். நடுவில் தொந்தரவு வந்தால் அங்கேயே நிறுத்தி, அந்த அளவைக் குறித்துவையுங்கள். வயிறு அடங்கிய பிறகு இரண்டு மூன்று நாள் விட்டு அடுத்தது. கோதுமை, வெங்காயம், பூண்டு மூன்றிலும் இருப்பது ஃப்ரக்டான்தான் என்றாலும் தனித்தனியாகப் பாருங்கள். கோதுமை ஒத்துக்கொண்டு வெங்காயம் ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு. க்ளூட்டன் ஆகாது என்று நம்பியிருப்பவருக்கும் இங்கே விடை கிடைக்கலாம். நார்வேயில் நடந்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், அப்படி நம்பியவர்களுக்கு க்ளூட்டனைவிட ஃப்ரக்டானே அதிகத் தொந்தரவு தந்தது. தேறிய உணவை, எல்லாச் சோதனைகளும் முடியும்வரை, அன்றாடச் சாப்பாட்டில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் அடுத்த சோதனையில் வரும் வலி எதனுடையது என்று குழம்பிவிடும்.

நாட்குறிப்பில் நேரத்தையும் எழுதுங்கள். சாப்பிட்ட கையோடு கழிப்பறைக்கு ஓடினால் அந்தச் சாப்பாட்டின் மேல் பழி போடுவது வழக்கம். வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் அசைந்துகொடுப்பது இயல்பான அனிச்சை. வெளியேறுவது முன்பு சாப்பிட்டது. ஃப்ரக்டான் பெருங்குடலைச் சேரவே பல மணி நேரம் ஆகும் என்பதால் மதியச் சாப்பாட்டின் உப்புசம் இரவில்கூடத் தெரியலாம். மலச்சிக்கல், மாதவிடாய், தூக்கமில்லாத இரவு இவற்றையும் பக்கத்தில் குறியுங்கள். அந்த நாட்களில் சோதனையைத் தள்ளிப்போடலாம்.

பயமே வயிற்றைக் கலக்கும் என்பதால், சந்தேகம் தீராத உணவை அடையாளம் தெரியாமல் சோதிப்பது நல்லது. லாக்டோஸ் நீக்கிய பாலும் சாதாரணப் பாலும் வீட்டில் ஒருவர் மாற்றி மாற்றி, வெவ்வேறு நாட்களில், சொல்லாமல் கொடுக்கட்டும். லாக்டோஸ் நீக்கிய பால் சற்று இனிக்கும், காட்டிக்கொடுத்துவிடும். அதனால் சாதாரணப் பாலில் கொஞ்சம் சர்க்கரையும் இரண்டிலும் ஒரே அளவு கோகோவும் கலக்கச் சொல்லுங்கள்.

ஒத்துக்கொள்ளாததும் நிரந்தரத் தடை இல்லை. அளவுதான் கணக்கு. தனித்தனியே ஒத்துக்கொண்ட இரண்டு உணவுகள் ஒரே வேளையில் சேர்ந்தால் தாங்காமலும் போகலாம். பூண்டின் ஃப்ரக்டான் எண்ணெயில் கரையாது. பூண்டை எண்ணெயில் வதக்கி எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் சமைத்தால் மணம் மட்டும் வரும். தோற்ற உணவுகளைச் சில மாதம் கழித்து மறுபடி அதே மூன்று நாள் ஏறுவரிசையில் பார்க்கலாம்.