உருளைக்கிழங்கு வயலில் 17,447 வீடுகள்

நியூயார்க் போகிறவர்கள் முதலில் எதைப் பார்ப்பார்களோ அதையெல்லாம் தள்ளிப்போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் லெவிட்டவுன் போக வேண்டும் என்றேன். காபி டம்ளரைக் கீழே வைத்தார் அண்ணன். பெரியம்மா மகன், லாங் ஐலண்டில், ஹிக்ஸ்வில்லில் இருக்கிறார்.

"அங்க என்னடா இருக்கு? வெறும் வீடு."

"வீட்டைப் பார்க்கத்தான் அண்ணா வந்திருக்கேன்."

நான் 31 வருஷம் கட்டட வேலையில் சைட் இன்ஜினீயராகக் காலம் தள்ளியவன். கல்லூரியில் படித்தபோது ஒரு பேராசிரியர் விமானத்திலிருந்து எடுத்த லெவிட்டவுனின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைக் காட்டினார். தீப்பெட்டிகளைக் கோடு போட்டு அடுக்கியதுபோல் வீடுகள், அடிவானம் வரை. "ஒரு நாளைக்கு 30 வீடு முடித்தார்கள்" என்றார். வகுப்பே சிரித்தது. அப்புறம் வேலைக்கு வந்து, ஒரு வீட்டுக்குப் பூச்சு வேலை முடிக்க மூன்று மாதம் மேஸ்திரி பின்னால் அலைந்தபோது அந்த 30 அடிக்கடி நினைவுக்கு வரும். அப்போது சிரிப்பு வரவில்லை.

ஹிக்ஸ்வில்லைப் பற்றி ஒரு வார்த்தை. நியூயார்க்கின் பென் ஸ்டேஷனிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம். இறங்கி பிராட்வே சாலைப் பக்கம் வந்தால் புடவைக் கடை, மிட்டாய்க் கடை, கறிவேப்பிலை கிடைக்கும் மளிகைக் கடை. அண்ணனுக்கு அந்த ஊரில் குறை ஒன்றே ஒன்றுதான்: வீட்டுக்கு நிலவறை இல்லை. "இந்த ஊர்ல எல்லாருக்கும் நிலவறை இருக்கு, எனக்கு மட்டும் இல்லை. பழைய சூட்கேஸை எங்கடா வைக்கிறது?" என்று வந்த அன்றே புலம்பினார். தூக்கக் கலக்கத்தில் நான் அதைக் காதில் வாங்கவில்லை.

காரில் பத்து நிமிடத்தில் ஹெம்ப்ஸ்டெட் டர்ன்பைக் சாலையோரம் இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

1947க்கு முன் இது உருளைக்கிழங்கு வயல். வேரைத் தாக்கும் ஒரு நூற்புழு அமெரிக்காவிலேயே முதன்முதலாக ஹிக்ஸ்வில் பக்கம்தான் 1941இல் கண்டுபிடிக்கப்பட்டது. கிழங்கு விவசாயிகள் நொந்துபோயிருந்த நேரத்தில் நிலம் வாங்க வந்தார்கள் லெவிட் குடும்பத்தார். அப்பா ஏபிரகாம், மகன்கள் வில்லியம், ஆல்ஃப்ரெட். வில்லியம் வியாபாரி, ஆல்ஃப்ரெட் வரைபடக்காரர், அப்பாவுக்குச் செடிகொடிகள்.

இரண்டாம் உலகப் போரில் சீருடை அணிந்த அமெரிக்கர்கள் 1.6 கோடிப் பேர். திரும்பி வந்தவர்களுக்குக் கல்யாணம் ஆயிற்று, பிள்ளை பிறந்தது, வீடுதான் இல்லை. பொருளாதார மந்தம், பிறகு போர் என்று 15 வருஷம் வீடு கட்டுவதே படுத்துக் கிடந்தது. மாமியார் வீட்டு அறையிலும், ராணுவம் விட்டுப்போன அரைவட்டத் தகரக் கொட்டகையிலும் குடித்தனம் நடந்தது. 1944இல் வந்த சட்டப்படி முன்னாள் வீரர்களின் வீட்டுக் கடனுக்கு அரசு உத்தரவாதம் கொடுத்தது. ஆக, வாங்க ஆள் இருக்கிறது, பணத்துக்கு வழி இருக்கிறது. கட்டித்தர ஆள் வேண்டும்.

வில்லியம் லெவிட் போரின்போது கடற்படையின் கட்டுமானப் பிரிவில் இருந்தவர். வீடு கட்டும் வேலையை 26 துண்டுகளாக நறுக்கினார். ஒரு குழு தளம் போடும், போட்டுவிட்டு அடுத்த மனைக்கு நகரும். அடுத்தது சட்டகம் நிறுத்தும். வர்ணம் பூசுகிறவர்களிலும் வெள்ளைக்கு ஒருவர், பச்சைக்கு ஒருவர். மரம் அளவுக்கு அறுத்தே வந்துவிடும். ஆணிகூடச் சொந்தத் தயாரிப்பு. தொழிற்சங்கத்துக்கு இடமே கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேகத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

எனக்குப் பிடித்தது அஸ்திவாரக் கதை. அந்த ஊர் விதிப்படி வீட்டுக்கு நிலவறை கட்டாயம். லெவிட்டோ தரையில் நேராக ஒரு கான்கிரீட் பலகை, அதன் மேல் வீடு என்றார். குழி தோண்டும் செலவும் நாளும் மிச்சம். விதியை மாற்றுவதற்காக நடந்த கூட்டத்துக்கு முன்னாள் வீரர்கள் குடும்பத்தோடு வந்து நின்றார்கள். வாக்குக் கேட்கிறவர்கள் என்ன செய்வார்கள்? 1947 மே மாதம் விதி மாறியது. அதே வருஷம் அக்டோபர் 1ஆம் தேதி முதல் குடும்பங்கள் பெட்டியோடு வந்து இறங்கின. வாடகை மாதம் 60 டாலர்.

வீடு 750 சதுர அடி. அகலம் 30, ஆழம் 25. கூடம், சமையலறை, இரண்டு படுக்கையறை, ஒரு குளியலறை. மேலே முடிக்கப்படாத மாடம். பிள்ளை பெருகினால் நீயே முடித்துக்கொள் என்று விட்டது. சமையலறையில் அடுப்பும் ஃபிரிட்ஜும் பெண்டிக்ஸ் துணி துவைக்கும் இயந்திரமும் வீட்டோடு சேர்த்தி. கான்கிரீட்டுக்குள் செப்புக் குழாய் ஓட்டி, வெந்நீர் விட்டு, தரையையே சூடாக்கினார்கள். 1951க்குள் இப்படி 17,447 வீடுகள்.

கூடவே விதிகளும் வந்தன. வேலி கட்டக் கூடாது. வாரம் ஒரு முறை புல் வெட்ட வேண்டும். வெட்டாவிட்டால் லெவிட்டின் ஆட்கள் வந்து வெட்டிவிட்டுக் கூலியை உங்கள் கணக்கில் எழுதுவார்கள். கொடி கட்டித் துணி காயப்போடக் கூடாது. குடைபோல் விரியும் சுழல்கம்பியில் மட்டும் போடலாம், அதுவும் சனி ஞாயிறில் கூடாது.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு நடந்தால், தீப்பெட்டி ஒன்றைக்கூடக் காணோம். ஒரு வீட்டுக்கு மாடி ஏறியிருக்கிறது, பக்கத்து வீடு முன்னால் வந்திருக்கிறது, அதற்கடுத்ததில் இரண்டு கார் நிற்கும் கொட்டகை, எதிரே வெள்ளைத் தூண்கள். வெள்ளை வேலிகள் தாராளமாக இருந்தன. தெருக்கள் பாம்புபோல் வளைந்து வளைந்து போகின்றன, குறுக்கு வழி எடுத்துப் புறப்பட்ட இடத்துக்கே இரண்டு முறை வந்தேன். ஒரு மணி நேரத்தில் என் முழங்கால் பேச ஆரம்பித்துவிட்டது.

மூன்றாவது முறை ஒரே மேப்பிள் மரத்தைக் கடந்தபோது, வாசலில் இலை கூட்டிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், "எதைத் தேடுகிறீர்கள்?" என்று கேட்டார். மாற்றாத வீடு ஒன்றைத் தேடுகிறேன் என்றேன். சிரித்தார். "எழுபது வருஷத்தில் ஒருவருமே ஒரு சுவரைக்கூட இடிக்காமல் இருப்பார்களா? வாருங்கள், என்னுடையது பாதி பழையதுதான்."

1950 மாதிரி வீடு அது. மூன்று வயதில் அப்பா அம்மாவோடு குடிவந்து, பெற்றோர் காலத்துக்குப் பிறகு அங்கேயே தங்கிவிட்டவர். கூடத்தில் மாடிப்படியின் பக்கச் சுவரைக் காட்டினார். அரையடி ஆழத்துக்கு ஒரு மாடக்குழி, உள்ளே இப்போது பீங்கான் பொம்மைகள். பூச்சு மட்டும் கொஞ்சம் வேறு நிறம். "இங்கேதான் டெலிவிஷன் இருந்தது."

வீட்டுச் சுவரிலேயே அட்மிரல் கம்பெனி டெலிவிஷனைப் பதித்து விற்றார்கள் அந்த வருஷம். பன்னிரண்டரை அங்குலத் திரை. அப்போது நாட்டில் பத்து வீட்டில் ஒன்றில்கூட டெலிவிஷன் கிடையாது. 1960 வருவதற்குள் பத்தில் எட்டு ஒன்பது வீட்டுக்குள் வந்துவிட்டது. அந்த மாற்றம் முழுவதையும் இந்தத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்தவர் இவர். செவ்வாய் இரவு எட்டு மணிக்கு நகைச்சுவை நடிகர் மில்டன் பெர்ல் பெண்வேஷம் கட்டி வருவார், அண்டை வீட்டுப் பிள்ளைகள் வந்து நிறைந்துவிடுவார்களாம். குளிர்காலத்தில் யார் குழாய் ஓடும் இடத்தில் உட்காருவது என்று சண்டை. "பூனைக்குத் தெரியும் குழாய் எங்கே ஓடுகிறதென்று. பூனையைத் தள்ளிவிட்டு உட்காருவோம்." பிறகு பல வீடுகளில் அந்தக் குழாய்கள் கான்கிரீட்டுக்குள்ளேயே அரித்துக் கசிந்தன. இவர் வீட்டிலும் அப்படித்தான். இப்போது சுவரோரம் வெந்நீர்ப் பட்டை ஓடுகிறது. செம்பைக் கான்கிரீட்டில் புதைப்பதைப் பற்றி எனக்கு ஒரு அரை மணி நேரப் பிரசங்கம் இருந்தது. அடக்கிக்கொண்டேன்.

டீ போட்டுக்கொண்டே பேசினார். அப்பா காலையில் ரயிலுக்குப் போய்விடுவார், ஒரே கார், அதுவும் ஸ்டேஷனில் நிற்கும். பகலெல்லாம் தெரு முழுக்கப் பெண்களும் பிள்ளைகளும்தான். அவ்வளவு பிள்ளைகள் பிறந்ததால் இந்த ஊரை முயல்கூண்டு என்றே கேலி பேசினார்கள். டப்பர்வேர் டப்பாக்களை 1951இல் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். யாராவது ஒரு பெண்மணி தன் வீட்டுக்கு அக்கம்பக்கத்தாரை அழைத்து, கேக் கொடுத்து, விற்றுக்காட்டுவார். மூடியின் நடுவில் அழுத்தி, ஓரத்தை லேசாகத் தூக்கிக் காற்றை வெளியே விட வேண்டும். அந்தச் சத்தத்தை எனக்குச் செய்து காட்டினார். அண்ணி வீட்டில் ரசப்பொடி டப்பாவை மூடும்போது கேட்கும் அதே சத்தம்.

1954இல் 98 சென்ட்டுக்கு வந்த, உறையவைத்த சாப்பாடான டிவி டின்னரை நான் கேட்காமலேயே அவர் நினைவுகூர்ந்தார். அலுமினியத் தட்டில் ஒரு பள்ளத்தில் வான்கோழி, ஒன்றில் பட்டாணி, ஒன்றில் கிழங்கு. "கிழங்கு வயலில் கட்டிய வீட்டில் உட்கார்ந்து உறைந்த கிழங்கைச் சூடாக்கிச் சாப்பிட்டோம்" என்றார். தட்டைத் தூக்கிப்போட அம்மாவுக்கு மனசு வராது. மந்தக் காலத்தில் வளர்ந்தவர் இல்லையா, கழுவி வைத்துப் பட்டனும் ஆணியும் போட்டு வைப்பாராம்.

லெவிட் கட்டித்தந்த ஒன்பது நீச்சல் குளங்களில் ஒன்று நடக்கும் தூரத்தில்தான். ஆனால் கோடையில் போலியோ பயம், அம்மா குளத்துப் பக்கமே விடவில்லை. ஜோனஸ் சால்க்கின் தடுப்பூசி வேலை செய்கிறது என்று 1955 ஏப்ரல் 12 அன்று அறிவித்தபோது அம்மா சமையலறையில் நின்று அழுதது நினைவிருக்கிறது என்றார். பள்ளியிலோ அணுகுண்டு ஒத்திகை. மணி அடித்தால் மேசைக்கடியில் புகுந்து பிடரியைக் கைகளால் மூடிக்கொள்ள வேண்டும். "மேசைக்கடியில் யாரோ ஒட்டிய சூயிங்கம்தான் என் கவலை."

கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்து, கேட்டுவிட்டேன். முதல் வாடகைப் பத்திரங்களில் 25ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. பெரிய எழுத்தில், காக்கேசிய இனத்தவர், அதாவது வெள்ளையர், அல்லாத எவரும் இந்த வீட்டில் வசிக்க வாடகைதாரர் அனுமதிக்கக் கூடாது என்று. அடுத்த வாக்கியம் இன்னும் மோசம்: வேற்றினத்தவரை வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளத் தடையில்லை. இத்தகைய ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றித்தரக் கூடாது என்று 1948இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மறு வருஷம் பத்திரத்திலிருந்து பிரிவு போயிற்று, வழக்கம் போகவில்லை. அதே போரில் அதே சீருடையில் இருந்த கறுப்பினத்தவர் மாதிரி வீட்டைப் பார்க்க வந்து, முகத்துக்கு நேரே மறுக்கப்பட்டுத் திரும்பிப் போனார்கள். இந்த ஏற்பாட்டுக்குப் பக்கபலமாக இருந்ததும் அரசின் அந்த உத்தரவாதம்தான்.

அவர் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தார். "என் வகுப்பில் எல்லாருமே எங்களைப் போலத்தான் இருந்தார்கள். அது விசித்திரம் என்று தோன்றவே இல்லை. கல்லூரிக்குப் போனபிறகுதான் தோன்றியது. அப்பாவைக் கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்."

எனக்கு பகத் சிங் திந்த் நினைவு வந்தார். முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த பஞ்சாபியர். நானும் காக்கேசியன்தான், குடியுரிமை கொடுங்கள் என்று வாதாடினார். புத்தகப்படி எப்படியோ, சாதாரண மனிதன் பார்வையில் நீ வெள்ளையன் இல்லை என்று 1923இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1946இல்தான் இந்தியர்களுக்குக் கதவு திறந்தது: வருஷத்துக்கு 100 பேர். லெவிட் ஒரு நாளைக்கு 30 வீடு கட்டிய நாட்டில் வருஷத்துக்கு 100 இந்தியர்.

கிளம்பும்போது எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்றார். தெருப் பெயரைச் சொன்னேன். "அதுவும் லெவிட் வீடுதானே! தபால் முகவரிதான் ஹிக்ஸ்வில்" என்றார்.

வழியெல்லாம் எனக்கு வெட்கமாக இருந்தது. 31 வருஷ சர்வீஸ், நான்கு நாளாக ஒரு வீட்டில் படுத்து எழுந்திருக்கிறேன், நிலவறை இல்லை என்று வீட்டுக்காரர் காதில் ஓதுகிறார், எனக்கு உறைக்கவில்லை. அண்ணனிடம் சொத்து வரிக் காகிதத்தைக் கேட்டேன். கட்டிய ஆண்டு 1948. டேப் எடுத்து வாசல் பக்கம் அளந்தேன். இடப்புறம் பின்னால் சேர்த்த அறையையும் வலப்புறம் கார் கொட்டகையையும் கழித்தால் சரியாக 30 அடி. முன்பக்கம் சமையலறை, நடுவில் படி, பூஜை அலமாரி இருக்கும் சுவர்தான் பழைய வெளிச்சுவர். இந்த வீட்டு முதல் வாடகைப் பத்திரத்திலும் அந்த 25ஆவது பிரிவு இருந்திருக்கும் என்றேன்.

அண்ணன் காகிதத்தை வாங்கி மடித்தார். "அப்ப நிலவறை இல்லாததுக்கு அந்த ஆள்தான் காரணமா?" என்றார்.

டேப்பைச் சுருட்டிக்கொண்டு பின்பக்கம் போனேன். வேலிக்கும் மேப்பிள் மரத்துக்கும் குறுக்கே நைலான் கயிறு இழுத்துக் கட்டி, அண்ணி என் நான்கு முழ வேட்டியைக் காயப்போட்டிருந்தார்.