மலிவு விலையில் குறை ஆக்சிஜன் பெட்டி

நுரையீரல் ரத்த அழுத்த ஆய்வில் சுண்டெலிகளை மூன்று, நான்கு வாரம் 10 சதவீத ஆக்சிஜனில் வைப்பார்கள். தரையில் இருந்தபடியே 5,000 மீட்டருக்கும் மேலான மலைக்காற்றைச் சுவாசிக்க வைப்பது மாதிரி. இதற்கென்றே விற்கும் பெட்டிகளின் விலை எங்கள் ஆய்வகத்துக்குக் கட்டுப்படியாகாது. அக்ரிலிக் பலகை, ரப்பர் கேஸ்கெட், கணினி விசிறி, மின்சாரத்தால் திறந்து மூடும் சோலனாய்டு வால்வு, ஆக்சிஜன் சென்சார், இவற்றை இயக்க ஆர்டுயினோ என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை என்று வாங்கி நாங்களே கட்டினோம்.

ஆக்சிஜனைக் குறைப்பது சுலபம். 100 லிட்டர் பெட்டிக்குள் 74 லிட்டர் போல நைட்ரஜனைக் கலந்து விட்டு, கலந்த காற்று வெளியேற வழி வைத்தாலே 20.9 சதவீதம் 10க்கு இறங்கிவிடும். எலிகள் வெளியே விடுவதைச் சமாளிப்பதுதான் பெரிய வேலை. மூச்சின் ஈரம், சிறுநீரின் அமோனியா, எல்லாவற்றுக்கும் மேலாகக் கரியமில வாயு. அது ஏறினால் எலி வேகமாக மூச்சு வாங்கும். அப்புறம் கிடைக்கும் முடிவு எதனால் வந்தது என்று பிரிக்கவே முடியாது. மயக்க மருந்து இயந்திரங்களில் கரியமில வாயுவை உறிஞ்சப் போடும் சோடா லைம் மணிகள் இங்கேயும் கைகொடுக்கும். வெள்ளை மணிகள் ஊதாவானால் உறிஞ்சும் சக்தி தீர்ந்தது என்று அர்த்தம், மாற்றிவிட வேண்டும். கொஞ்ச நேரம் சும்மா வைத்தால் அவை திரும்பவும் வெளுக்கும்; அந்த வெள்ளையை நம்பக் கூடாது.

ஈரத்துக்குச் சிலிக்கா ஜெல். சென்சார் முகத்தில் நீர் படிந்தால் ஆக்சிஜனைக் குறைத்துக் காட்டும். திரையில் 10 என்று இருக்கும், உள்ளே அதைவிடக் கூடுதலாக இருக்கும். எலிக்கு ஆபத்தில்லை, ஆனால் வாரக்கணக்கில் அது பட்ட சிரமம் வீண். அதனால்தான் பெட்டியில் எங்கே சிக்கனம் பிடித்தாலும் சென்சாரில் பிடிக்காதீர்கள் என்பேன்.

மின்வெட்டை நினைத்துத்தான் அதிகம் பயந்தேன். மின்சாரம் போனால் நைட்ரஜன் வால்வு தானாக மூடும்படி வைப்பது எல்லோருக்கும் தோன்றும். அது போதாது. மூடிய பெட்டிக்குள் எலிகள் மூச்சுவிட்டுக்கொண்டேதான் இருக்கும், ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே போகும். மின்சாரம் நின்றதும் தானாகத் திறந்து வெளிக்காற்றை விடும் இன்னொரு வால்வு கட்டாயம் வேண்டும். விசிறியும் நின்றிருக்கும் என்பதால் அதன் வாய் அகலமாக இருக்க வேண்டும். அறைக்கும் தனி ஆக்சிஜன் அலாரம் வையுங்கள். நைட்ரஜன் கசிந்தால் வாசனையே வராது, உள்ளே நிற்பவர் அப்படியே மயங்கி விழுவார்.

பட்ஜெட் போடும்போதே இரண்டு பெட்டிக்குப் போடுங்கள். ஒப்பீட்டு எலிகளுக்கும் அதே விசிறிச் சத்தம், அதே ஈரம், அதே அடைப்பு இருக்க வேண்டும்; ஆக்சிஜன் மட்டும் 20.9.